நாய்க்குத் தானிய உணவு: ஒரு குற்றச்சாட்டின் வரலாறு

நாய்க்குத் தானிய உணவு ஏற்றதா என்பது நாய் வளர்ப்போரிடையே நெடுங்காலமாக இருந்துவரும் கேள்வி. நாய் ஓநாயின் வழிவந்த விலங்கு, ஆகவே இறைச்சியே அதன் உணவு என்று ஒரு சாரார் கூறுவர். மனிதனோடு பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்து, அவன் உண்ட ரொட்டியையும் கூழையும் சோற்றையும் உண்டு பழகிய விலங்கு அது என்று மறு சாரார் கூறுவர். கடந்த இரண்டு நூற்றாண்டுகளில் தானியத்தின் மீது பலமுறை பழி விழுந்தது. காரணத்தைத் தேடிய ஆய்வாளர்கள் பெரும்பாலும் கண்டது, உணவில் இல்லாமல் போன ஒரு சத்தை அல்லது தானியத்துக்கு மனிதர் செய்த ஒரு கேட்டை. அந்தத் தேடல்களில் சில மனிதருக்கும் பயன்பட்டன. குழந்தைகளின் எலும்பைக் காத்த அறிவும், ஏழைகளைக் கொன்ற ஒரு நோய்க்கான மருந்தும் நாயின் உணவுத் தட்டிலிருந்து கிடைத்தவை.

ஓநாயும் நாயும்

நாய் ஓநாயிலிருந்து பிரிந்து மனிதனோடு வாழத் தொடங்கிக் குறைந்தது 15,000 ஆண்டுகள் ஆகின்றன. ஜெர்மனியில் பான் நகரை ஒட்டிய ஓபர்காசல் என்னுமிடத்தில் 1914இல் கண்டெடுக்கப்பட்ட கல்லறையில், இரண்டு மனிதர்களோடு ஒரு நாயும் புதைக்கப்பட்டிருந்தது. அதன் காலம் ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அப்போது வேளாண்மை தோன்றவில்லை. எனவே, தொடக்கக் கால நாய்கள் வேட்டையாடி வாழ்ந்த மக்களின் மிச்சத்தையே உண்டன.

வேளாண்மை வந்த பின் நிலை மாறியது. இம்மாற்றத்தின் தடயம் நாயின் மரபணுவிலேயே இருப்பதை சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆக்சல்சன் குழுவினர் 2013இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். மாவுச்சத்தைச் சிதைக்கும் அமைலேஸ் என்ற நொதியைக் கணையத்தில் உருவாக்கும் மரபணு, ஓநாயிடம் இரண்டு படிகளே உண்டு. அவர்கள் ஆராய்ந்த நாய்களிடம் 4 முதல் 30 படிகள் வரை இருந்தன. படிகள் கூடினால் நொதியும் கூடும். சிதைந்த மாவுச்சத்தைக் குளுக்கோஸாக மாற்றுவதிலும், அதைக் குடலிலிருந்து உறிஞ்சுவதிலும் நாய்க்கு ஏற்ற மாற்றங்கள் நிகழ்ந்திருந்தன.

பின்னர் வந்த ஆய்வுகள் இதற்கு மேலும் விளக்கம் தந்தன. ஆஸ்திரேலியாவின் டிங்கோ நாய்களிடம் ஓநாயைப் போலவே இரண்டு படிகள்தாம் உள்ளன. பனிப்பகுதி நாய்களிடமும் படிகள் குறைவு. பழைய வேளாண் நாடுகளின் நாய்களிடம் அவை மிகுதி. ஐரோப்பாவில் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சில நாய்களின் எலும்புகளிலேயே இப்பெருக்கம் காணப்பட்டதாக 2016இல் வெளியான ஆய்வு கூறியது. உழவன் எங்கே குடியேறினானோ அங்கே அவனுடைய நாயின் வயிறும் தானியத்துக்குப் பழகியது என்று இதைச் சுருக்கமாகக் கூறலாம்.

ஆனால், நாயின் உமிழ்நீரில் அமைலேஸ் இல்லை என்றே சொல்லலாம். மாவுச்சத்தின் செரிமானம் சிறுகுடலில்தான் தொடங்குகிறது. எனவே பச்சைத் தானியம் நாய்க்குச் சரியாகச் செரிப்பதில்லை. நன்கு வேகவைத்தது செரிக்கிறது.

உரோமானியப் பண்ணைகளில்

நாய்க்கு என்ன உணவு தரவேண்டும் என்று எழுதிவைத்த பழைய நூலாசிரியர்களில் உரோமானியரான வர்ரோ ஒருவர். கி.மு. 37இல் எழுதிய தம் வேளாண் நூலில், மந்தை காக்கும் நாய்க்குப் பாலில் ஊறவைத்த வாற்கோதுமை ரொட்டியைக் கொடுக்கச் சொல்கிறார். எலும்பும் எலும்புச் சாறும் தரலாம் என்கிறார். ஆனால் இறந்த ஆட்டின் இறைச்சியைத் தரக்கூடாது என்கிறார். அந்தச் சுவை பழகிவிட்டால் காவல் நாயே ஆட்டைக் கடிக்கத் தொடங்கும் என்பது அவருடைய அச்சம். பசித்த நாய் மந்தையை விட்டு இரை தேடிப் போய்விடும் என்பதால் வயிறார உணவு தரவேண்டும் என்றும் அறிவுறுத்துகிறார்.

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கொலுமெல்லாவும் இதையொட்டியே எழுதினார். வாற்கோதுமை மாவைத் திரிந்த பாலின் தெளிநீரில் கலந்து கொடுக்கலாம்; மேய்ச்சல் நிலமும் பாலும் இல்லாத பண்ணையில் கோதுமை ரொட்டியைப் பயறு வேகவைத்த நீரில் நனைத்துக் கொடுக்கலாம் என்பது அவர் கூற்று. தானியத்தோடு பாலோ பயறோ எலும்புச் சாறோ சேர்ந்தே வருவது கவனிக்கத்தக்கது. புரதம், உயிர்ச்சத்து என்ற சொற்கள் இல்லாத காலத்திலும், வெறும் ரொட்டி போதாது என்பதை அனுபவம் அவர்களுக்குக் கற்பித்திருந்தது.

இரண்டு ரொட்டிகள்

உணவைச் சோதனை மூலம் ஆராயும் முறை பிரான்சில் வளர்ந்தது. உடலியல் அறிஞர் பிரான்சுவா மஜாந்தி 1816இல் ஒரு நாய்க்குச் சர்க்கரையும் நீரும் மட்டும் கொடுத்துப் பார்த்தார். அது மெலிந்து, கண்களில் புண் ஏற்பட்டு, ஏறத்தாழ ஒரு மாதத்தில் இறந்தது. நைட்ரஜன் கொண்ட உணவு உயிர்வாழ இன்றியமையாதது என்ற கருத்துக்கு இச்சோதனை வழிவகுத்தது.

அவர் குறித்துவைத்த மற்றொரு செய்தி நமது பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. வெள்ளைக் கோதுமை ரொட்டியும் நீரும் மட்டும் உண்ட நாய் ஐம்பது நாள்களைத் தாண்டி வாழவில்லை. போர்வீரர்களுக்குத் தரப்படும் தவிடு நீக்காத முரட்டு ரொட்டியை உண்ட நாயோ நலமாக இருந்தது. இரண்டும் தானிய உணவுதான். ஒன்றில் தவிடும் முளையும் இருந்தன, மற்றொன்றில் இல்லை. அவற்றில் இருந்தது என்ன என்பதை மஜாந்தியால் சொல்ல இயலவில்லை. வைட்டமின் என்ற சொல்லே 1912இல்தான் பிறந்தது.

இலண்டன் தந்த நாய் பிஸ்கட்

நாய் உணவு ஒரு தொழிலாக மாறியது 1860களில். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்பிராட், இடிதாங்கி விற்பதற்காக இலண்டன் வந்தவர். துறைமுகத்தில் மாலுமிகள் எறிந்த கெட்டி பிஸ்கட்டுகளை நாய்கள் தின்பதைக் கண்டு அவருக்கு இந்த எண்ணம் உதித்ததாகச் சொல்லப்படுகிறது. கோதுமை மாவு, காய்கறி, பீட்ரூட், உலர்ந்த இறைச்சி ஆகியவற்றைச் சேர்த்து அவர் செய்த நாய் பிஸ்கட், செல்வர் வீடுகளின் வேட்டை நாய்களுக்கும் கண்காட்சி நாய்களுக்கும் உரிய உணவாக விற்பனையானது. அந்நிறுவனத்தில் இளைஞராகச் சேர்ந்த சார்லஸ் கிரஃப்ட் என்பவரே 1891இல் தம் பெயரால் புகழ்பெற்ற நாய்க் கண்காட்சியைத் தொடங்கினார்.

தொழிற்சாலை உணவுக்கு மாவு ஏன் தேவைப்பட்டது? இறைச்சி விரைவில் கெடும். மாவைப் பிசைந்து சுட்டால் மாதக் கணக்கில் கெடாது, கப்பலில் ஏற்றலாம், விலையும் குறைவு. நாயின் உணவில் தானியம் மேலும் பெருகியதற்கு அதன் வயிறு காரணமன்று, வணிகத்தின் வசதியே காரணம்.

ஓட்ஸ் கஞ்சியும் வளைந்த எலும்பும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனின் தொழில் நகரங்களில் ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு வளையும் நோய் குழந்தைகளிடையே பரவலாக இருந்தது. அதன் காரணத்தை அறிய எட்வர்டு மெல்லன்பி, நாய்க்குட்டிகளை வீட்டுக்குள்ளேயே வைத்து, தானியத்தை முதன்மையாகக் கொண்ட உணவை ஊட்டினார். குட்டிகளின் கால்கள் வளைந்தன. ஸ்காட்லாந்து மக்களின் அன்றாட உணவான ஓட்ஸ் கஞ்சியை மிகுதியாக உண்ட குட்டிகளுக்கு நோய் கடுமையாக இருந்தது. அதே உணவோடு காட் மீன் ஈரல் எண்ணெய் சேர்த்தபோது நோய் வரவில்லை. இம்முடிவுகளை அவர் 1919 முதல் வெளியிட்டார். அந்த எண்ணெயில் இருந்த காப்புப் பொருள் தனியொரு வைட்டமின் என்பதை அமெரிக்காவின் எல்மர் மெக்காலம் 1922இல் நிறுவினார். அதுவே வைட்டமின் டி.

வெயில் பட்டாலே மனிதத் தோலில் இந்த வைட்டமின் உருவாகிறது. நாயின் தோலில் அது போதுமான அளவு உருவாவதில்லை என்பது பின்னாளில் தெரியவந்தது. ஆகவே நாய்க்கு அது உணவிலிருந்தே கிடைக்க வேண்டும். தானியத்தில் அது இல்லை.

இங்கே தானியத்தின் மீதும் ஓரளவு குற்றம் இருந்தது. ஓட்ஸ் ஏன் பிற தானியங்களைவிடத் தீங்கு செய்தது என்று மெல்லன்பி தொடர்ந்து தேடினார். தானியங்களின் தவிட்டில் உள்ள ஃபைட்டிக் அமிலம் கால்சியத்தைப் பிணைத்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுப்பது கண்டறியப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டன் மக்கள் தவிடு மிகுந்த ரொட்டியை உண்ண நேர்ந்தபோது, அந்த மாவில் கால்சியம் சேர்க்கப்பட்டதற்கு இந்த வகை ஆய்வுகளே அடிப்படை.

மக்காச்சோளமும் கருநாக்கும்

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பெலாக்ரா என்ற நோய் ஏழைகளைக் கொன்றுகொண்டிருந்தது. தோல் வெடிப்பு, வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம், இறுதியில் சாவு என்பது அதன் போக்கு. அதே பகுதிகளில், மக்காச்சோள ரொட்டியை உண்டு வளர்ந்த நாய்களுக்கு வாய் புண்ணாகி நாக்கு கறுத்துச் சாகும் நோய் இருந்தது. அதைக் கருநாக்கு நோய் என்று மக்கள் அழைத்தனர்.

அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1914இல் பெலாக்ராவை ஆராய ஜோசப் கோல்ட்பெர்கரை அனுப்பியது. இது தொற்றுநோய் என்று பலர் நம்பிய காலம் அது. உணவுக் குறையே காரணம் என்று அவர் வாதிட்டார். கருநாக்கு நோயும் பெலாக்ராவும் ஒரே வேரிலிருந்து வருபவை என்று கண்டு, நாய்களை வைத்து ஒவ்வோர் உணவையும் சோதித்தார். ஈஸ்ட் நோயைத் தடுப்பதை அறிந்தார். அதிலுள்ள பொருள் எது என்பதை அறியும் முன்பே 1929இல் மறைந்தார். 1937இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கான்ராடு எல்வேஜம், நிக்கோடினிக் அமிலம் கருநாக்கு நோயைக் குணப்படுத்துவதைக் காட்டினார். இன்று நியாசின் எனப்படும் அந்த வைட்டமின் விரைவில் மனிதருக்கும் மருந்தானது.

மக்காச்சோளம் நஞ்சா? மெக்சிகோ மக்கள் பல நூற்றாண்டுகளாக அதையே உண்டு வருகின்றனர். அவர்கள் அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைப்பர். அப்போது தானியத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் விடுபடுகிறது. அமெரிக்கத் தென்பகுதியில் தானியம் போய்ச் சேர்ந்தது, சமைக்கும் முறை போய்ச் சேரவில்லை. அதோடு பாலும் இறைச்சியும் வாங்க இயலாத வறுமையும் சேர்ந்துகொண்டது.

வெளுக்கப்பட்ட மாவு

1920களிலிருந்து பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நாய்களிடையே ஒரு விந்தை நோய் காணப்பட்டது. நாய் திடீரென வெறிபிடித்ததுபோல் ஓடும், சுவரில் மோதும், வலிப்பு வந்து விழும். உணவில் கோதுமை மாவு மிகுந்த நாய்களுக்கே இது வந்ததால் கோதுமைப் புரதத்தின் மீது ஐயம் எழுந்தது.

1946இல் மெல்லன்பியே இதற்கும் விடை கண்டார். அக்காலத்தில் ரொட்டிக்கான மாவை வெளுக்கவும் பதப்படுத்தவும் நைட்ரஜன் டிரைகுளோரைடு என்ற வாயுவைச் செலுத்துவது ஆலைகளின் வழக்கம். அவ்வாறு பதப்படுத்திய மாவை உண்ட நாய்களுக்கு வலிப்பு வந்தது. அதே மாவைப் பதப்படுத்தாமல் கொடுத்தபோது வரவில்லை. அந்த வாயு கோதுமைப் புரதத்தோடு வினைபுரிந்து உருவாக்கிய நச்சுப்பொருள் சில ஆண்டுகளில் பிரித்தெடுக்கப்பட்டது. அந்த ரொட்டியை மக்களும் அன்றாடம் உண்டுவந்தனர் என்பதே இதில் பெரிய செய்தி. அமெரிக்கா 1940களின் இறுதியிலும் பிரிட்டன் 1950களிலும் அந்த முறையைக் கைவிட்டன. நாய்கள் முன்கூட்டியே எச்சரித்தன என்று சொன்னால் மிகையாகாது.

டப்பா இறைச்சியிலிருந்து உலர் உணவுக்கு

இதற்கிடையே 1922இல் அமெரிக்காவின் ராக்ஃபோர்டு நகரில் குதிரை இறைச்சியை டப்பாவில் அடைத்து விற்கும் தொழில் தொடங்கியது. முதல் உலகப் போர் முடிந்து, மோட்டார் வண்டிகளும் பெருகியதால் வேலையிழந்த குதிரைகள் ஏராளமாகக் கிடைத்தன. இரண்டாம் உலகப் போரில் தகரம் படைத்துறைக்கு ஒதுக்கப்பட்டதும் டப்பா உணவு குறைந்து, உலர் உணவு மீண்டும் முன்னுக்கு வந்தது.

1957இல் ரால்ஸ்டன் பியூரினா நிறுவனம், அழுத்தத்தில் வேகவைத்துத் துளை வழியே பிதுக்கி உப்பச் செய்யும் முறையில் நாய் உணவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. காலை உணவாக உண்ணப்படும் தானியப் பொரி வகைகளைச் செய்த எந்திர முறைதான் இது. இன்றைய உலர் உணவுகளில் பெரும்பாலானவை இம்முறையில் செய்யப்படுகின்றன. உருண்டை உதிராமல் நிற்க மாவுச்சத்து வேண்டும். மாவுச்சத்து நன்கு வெந்துவிடுவதால் நாய்க்கு எளிதில் செரிக்கிறது. முந்தைய நூறாண்டுப் பாடங்களின்படி வைட்டமின்களும் தாதுக்களும் கணக்கிட்டுச் சேர்க்கப்பட்டன. தானிய உணவால் வந்த பழைய குறைபாட்டு நோய்கள் இதனால் அரிதாயின.

தானியமில்லா உணவு

1990களில் எதிர்க்குரல் வலுத்தது. ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993இல் எழுதிய நூல், பச்சை இறைச்சியும் எலும்பும் கொண்ட உணவைப் பரிந்துரைத்தது. 2007இல் சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்ற வேதிப்பொருள் கலந்திருந்ததால், வட அமெரிக்காவில் பல நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. புரத அளவை மிகுத்துக் காட்டச் செய்த கலப்படம் அது. ஆயினும் வாங்குவோர் மனத்தில் 'கோதுமை' என்ற சொல்லே அச்சத்துக்கு உரியதாயிற்று. தானியத்துக்கு மாற்றாகப் பட்டாணி, பருப்பு, கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு கொண்ட 'தானியமில்லா' உணவுகள் பெருகின. அவற்றிலும் மாவுச்சத்து இருந்தது. வந்த இடம்தான் வேறு.

2018 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இதயத் தசை தளர்ந்து இதயம் விரியும் நோய், பரம்பரையாக அதற்கு ஆளாகாத இன நாய்களுக்கும் வருவதாக அறிக்கைகள் வந்தன. 2014 ஜனவரி முதல் 2019 ஏப்ரல் வரை நாய்கள் குறித்து 515 அறிக்கைகள் பதிவாயின. அவற்றில் குறிப்பிடப்பட்ட உணவுகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் தானியமில்லாதவை. 93 விழுக்காட்டில் பட்டாணியோ பருப்போ இருந்தது. காரணத் தொடர்பை உறுதிசெய்ய இத்தரவு போதாது என்று கூறி, 2022 டிசம்பரில் அந்நிறுவனம் பொது அறிவிப்புகளை நிறுத்திவைத்தது. தானியத்தின் மீது முன்பு அவசரமாகப் பழி சுமத்தியதைப் போலவே, பருப்பின் மீதும் ஆதாரம் முழுமையாகும் முன் பழி சுமத்துவது பொருந்தாது.

ஒவ்வாமையும் பூஞ்சையும்

தானியம் நாய்க்கு ஒவ்வாமை தரும் என்பது பரவலான நம்பிக்கை. உணவு ஒவ்வாமை உள்ள 297 நாய்கள் குறித்த வெளியீடுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டு ஆய்வில், மாட்டிறைச்சி 34 விழுக்காட்டிலும், பால் பொருள்கள் 17 விழுக்காட்டிலும், கோழி இறைச்சி 15 விழுக்காட்டிலும், கோதுமை 13 விழுக்காட்டிலும் காரணமாக இருந்தன. ஐரிஷ் செட்டர் இனத்தில் சில குடும்பங்களுக்குக் கோதுமைப் புரதம் குடலைப் பாதிக்கும் பரம்பரை நோய் உண்டு. அத்தகைய நாய்க்குக் கோதுமையை நீக்கியே ஆகவேண்டும்.

உண்மையான வேறோர் ஆபத்து பூஞ்சை. ஈரத்தில் கிடந்த மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் வளரும் பூஞ்சை, அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைச் சிதைக்கும். சமைத்தாலும் முற்றிலும் அழியாது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் இந்நஞ்சு கலந்த உணவு திரும்பப் பெறப்பட்டபோது, நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாக அறிக்கைகள் வந்தன.

நம் ஊர் வழக்கம்

சிப்பிப்பாறை, கன்னி, இராசபாளையம் போன்ற நாட்டு நாய்களைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கம்பு, சோளம், கேழ்வரகுக் கூழும், மோரும், வீட்டில் மிஞ்சிய சோறும் கொடுத்தே வளர்த்தனர். வேட்டையிலோ விருந்திலோ கிடைக்கும் இறைச்சியும் எலும்பும் அதனோடு சேரும். வர்ரோ சொன்ன முறைக்கு இது வெகுதொலைவில் இல்லை.

இன்று பல வீடுகளில் தீட்டிய வெள்ளரிசிச் சோறும் பாலும் மட்டுமே நாயின் முழு உணவாக உள்ளன. தேநீர்க் கடை வாசலில் தெருநாய்க்கு மைதா பிஸ்கட் போடுவோரும் பலர். இரக்கத்தோடு செய்வதுதான், ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு முன் மஜாந்தி கண்ட வெள்ளை ரொட்டியின் குறை இவற்றிலும் உண்டு. சோற்றோடு வேகவைத்த முட்டை, மீன், கோழி அல்லது ஈரல், சிறிது காய்கறி சேர்ந்தால் பெரும் வேறுபாடு ஏற்படும். வளரும் குட்டிக்கும் சினை நாய்க்கும் கால்சியம் முதலியவற்றின் அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிவது நல்லது.

வரலாறு காட்டுவது

நலமுள்ள நாய்க்குத் தானியம் கட்டாயத் தேவையன்று. போதிய புரதமும் கொழுப்பும் கிடைத்தால், வளர்ந்த நாய் மாவுச்சத்து இல்லாமலும் வாழும் என்பதை உணவியல் ஏற்கிறது. அதேபோல், நன்கு வெந்த, பூஞ்சையற்ற தானியம் நாய்க்குத் தீங்கும் அன்று. மற்றச் சத்துகள் உடன் இருந்தால் அது நல்ல ஆற்றல் மூலம். வெள்ளை ரொட்டி, ஓட்ஸ், மக்காச்சோளம், வெளுத்த மாவு, கலப்படக் கோதுமைப் புரதம் என்று இங்கே கண்ட ஒவ்வொரு நிகழ்விலும் நாய்கள் உயிரிழந்தன அல்லது நோயுற்றன. எது இல்லாததால், எதைச் சேர்த்ததால் அவ்வாறு நேர்ந்தது என்று கேட்டவர்களுக்கே விடை கிடைத்தது. உணவுப் பையின் மேல் 'தானியமில்லாதது' என்று பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பதைக் காண்பவர்கள், அதனுள் என்னென்ன இருக்கின்றன என்பதையும் திருப்பிப் பார்த்துப் படிக்க வேண்டும்.